ஒன்பது கயிறு சேறு

பதினோராம் வகுப்பில் நேர்கோடுகள் பாடம் தொடங்கும் அன்று நான் கொஞ்சம் கடுகடுவென்றுதான் இருப்பேன். பிள்ளைகளுக்கு அது தெரியும். 'இரண்டு கோடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்து என்றால் அவற்றின் சாய்வுகளைப் பெருக்கினால் மைனஸ் ஒன்று' என்று கரும்பலகையில் எழுதுவேன். அதற்குக் கீழே பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு வரியையும் எழுதுவேன்: 'கட்டத்தை எண்ணாதே. இரண்டு அச்சுக்கும் அளவு ஒன்றுதானா என்று முதலில் பார்.' அதற்கு இரண்டு அடிக்கோடு. யாராவது இரண்டு அச்சுக்கும் வேறு வேறு அளவு வைத்துவிட்டுச் செங்குத்தைக் கட்டம் எண்ணி வரைந்தால் நோட்டை முகத்துக்கு நேரே நீட்டி, திரும்பப் போடச் சொல்வேன். எனக்கு 'அளவுத்திட்டம்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். காதில் விழுந்தும் விழாத மாதிரிப் போய்விடுவேன். அந்தப் பெயர் எனக்குப் பொருத்தம்தான், அவர்கள் நினைக்கிற காரணம் மட்டும் வேறு.

நான் பிறந்தது பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். கரையோரமாகத் தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும். தெற்கு முனையில் தோணித்துறை, வடக்கு முனையில் அம்மன் கோயில், கிழக்கே தண்ணீர். ஊரில் இரண்டு வகை ஆட்கள். எங்களைப் போல வலை வைத்திருப்பவர்கள் ஒரு வகை. கோயிலுக்கும் அப்பால் குடியிருந்த, கையால் இறால் பிடிக்கிறவர்கள் இன்னொரு வகை. கைக்காரங்க என்போம். அதில் பெண்கள்தான் அதிகம். ஆழமில்லாத மேட்டுத் தண்ணீரில் வரிசையாக உட்கார்ந்து, சேற்றைத் தடவித் தடவி இறாலை எடுத்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருக்கும் பறியில் போடுவார்கள். பறி என்பது ஓலையில் முடைந்த சின்னக் கூடை. இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் வாய்தான் கூடைக்குக் கொக்கி. அந்த நேரத்தில் அவர்களிடம் எதைக் கேட்டாலும் 'ம்' என்பதற்கு மேல் பதில் வராது. சின்ன வயதில் அதைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறேன்.

வலைக்காரர்களுக்குப் பாடு உண்டு. எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அந்த முறைக்கும் பாடு என்று பெயர், அந்த இடத்துக்கும் பாடு என்றே பெயர். கைக்காரர்களுக்குப் பாடு கிடையாது. சீட்டுப் போடும் நாளில் அவர்களைக் கூப்பிடுவதும் கிடையாது. வலை போகாத மேட்டுத் தண்ணீர் அவர்களுக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த வடக்குக் கோடியிலிருந்து ஒருத்தி பத்தாம் வகுப்புவரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரே தோணியில் பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போவோம். கணக்கில் எனக்கும் அவளுக்கும்தான் போட்டி. பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள், இதை நான் யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. பத்தோடு அவளை நிறுத்திவிட்டார்கள், வாயில் பறி வந்தது. நான் பிளஸ் டூ முடித்து, காலேஜில் கணக்குப் பாடத்தில் சேர்ந்தேன். எங்கள் குப்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண் நான்தான். இதை எழுதும்போது இப்போதும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்கிறது. அந்த நிமிர்வுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

நான் இரண்டாம் வருஷம் படித்தபோது, ஐப்பசி மழையில் வந்த வெள்ளம் துறைக்கும் கோயிலுக்கும் நடுவில் புதுச் சேற்றை இறக்கிவிட்டுப் போனது. கறுப்பாக, வெண்ணெய் மாதிரிச் சேறு. அதில் இறால் அப்படி விழுந்தது. வலைக்காரர்கள் 'அது எங்க பாட்டுத் தண்ணி' என்றார்கள். கைக்காரர்கள் 'இது மேடு, மேடு எங்களுது' என்றார்கள். தோணியிலிருந்து கழியை ஓங்கும் அளவுக்குப் போனது.

ஊர்ப் பெரியவர்கள் ஒரு வழி சொன்னார்கள். துறைக்குப் பக்கத்தில் ஓர் ஓடை ஏரியில் வந்து சேரும். கடல் உள்வாங்கித் தண்ணீர் வற்றும்போது அந்த ஓட்டம் கரையை விட்டுக் கோணலாக விலகி, வடகிழக்கே முகத்துவாரத்தைப் பார்த்துப் போகும். அந்த ஓட்டத்தின் நடுவில் பழைய பாட்டுக் கழி ஒன்று நின்றது. எங்கள் ஊரில் வலையை எப்போதும் ஓட்டத்துக்குக் குறுக்கே சதுரமாக, அதாவது செங்குத்தாகத்தான் கட்டுவார்கள். சாய்த்துக் கட்டினால் வலை ஒரு பக்கமாகத் தொங்கிவிடும், இறால் ஓரமாக வழுக்கிப் போய்விடும். அதனால் அந்தக் கழியில் தொடங்கி, ஓட்டத்துக்குச் சதுரமாக, கரைவரை ஒரு கோடு. கோட்டுக்குத் தெற்கே வலைக்கு, வடக்கே கைக்கு. கடைசிப் பாட்டின் வலை அந்தக் கோட்டின் மேலேயே நிற்கும். இரண்டு பக்கமும் இதற்கு ஒப்புக்கொண்டது.

கோடு கரையில் எங்கே வந்து முட்டும் என்பதில்தான் சண்டை. இடிந்த ஐஸ் ஷெட்டில் முட்டும் என்று கைக்காரப் பெண்கள் சொன்னார்கள். இல்லை, அதற்கு வடக்கே ஒற்றைப் பனையில் முட்டும் என்று வலைக்காரர்கள் சொன்னார்கள். ஒவ்வொருவரும் கழியைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டிக் காட்டினார்கள். தண்ணீரில் நின்று பார்த்தால் ஆசைப்பட்ட இடத்தில்தான் கண் போய் நிற்கும். கடைசியில் தலைவர் சொன்னார், கண்ணு ஆளுக்கு ஆள் மாறும், கணக்கு மாறாது, காலேஜு பொண்ணைக் கூப்பிடுங்க என்று.

கூப்பிட்டார்கள். நான் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு போனேன்.

அளக்கும்போது கயிற்றின் மறுமுனையைப் பிடித்தது என் தோழிதான். தலைவர் கைக்காரர் பக்கம் ஓர் ஆள் கேட்டார், அவள் தானாக வந்தாள். அவள் பக்கத்தில் நின்றாலே எனக்குப் பழைய போட்டி ஞாபகம் வந்து இன்னும் கொஞ்சம் விறைப்பாக நடந்துகொண்டேன். ஐந்து பாகம் நீளமுள்ள கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டோம். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். எங்கள் துறையில் டச்சுக்காரன் காலத்துச் செங்கல் கட்டடம் ஒன்றின் மூலை, படி மாதிரித் தண்ணீருக்குள் இறங்கிக் கிடக்கும். அந்த மூலையில் கயிற்றை வைத்தேன். "இதான் ஆதிப்புள்ளியாடி?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். மூன்று வருஷமாகப் புத்தகத்தைத் தொடாதவளுக்கு அந்தச் சொல் வாயில் தயாராக இருந்தது. நான் வாத்தியாரம்மா மாதிரித் தலையை மட்டும் ஆட்டினேன்.

மூலையிலிருந்து கரையோரமாக நான்கு கயிறு போனால் ஓடை. மூலையிலிருந்தே இருபது கயிறு போய், அங்கிருந்து நேராகத் தண்ணீருக்குள் பதினாறு கயிறு போனால் கழி. மார்பளவு தண்ணீரில் அவள் கயிறு கயிறாகக் குச்சி நட்டு அளந்து உரக்க எண்ணினாள், நான் கரையில் நின்று எழுதிக்கொண்டேன். இருவரும் இரண்டு தடவை அளந்தோம், இரண்டு தடவையும் ஒரே எண். அந்த அளவில் ஒரு குற்றமும் இல்லை.

வரைபடத்தாளும் அவள் கொடுத்ததுதான். பத்தாம் வகுப்பு நோட்டில் மிஞ்சியிருந்த தாள், ஒரு பக்கம் கிழிந்து நீளவாக்கில் பதினெட்டுக் கட்டம்தான் மிச்சம். எங்கள் வீட்டில் சமமான பலகை ஏதும் இல்லை. மறுநாள் பழவேற்காட்டுக்குப் போய், டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் காவல்காரரைக் கேட்டுக்கொண்டு, மேசைபோல் படுத்திருக்கும் ஒரு கல்லின் மேல் தாளை விரித்தேன். கல்லில் வெட்டியிருந்த கட்டமும் எழுத்தும் இம்மி பிசகாமல் சதுரமாக இருந்தன. நமக்கும் இப்படி ஒரு நாள் வரும் என்று நினைத்துக்கொண்டேன். செத்தவனுடைய கல்லைப் பார்த்து அப்படி நினைக்கிறவளை என்ன சொல்வது.

நீளவாக்கில் மேலே ஏறும் கரை அச்சுக்கு ஒரு கட்டம் நான்கு கயிறு என்று வைத்தால் கோயில் தாளுக்குள் வரவில்லை. கோயில் எண்பத்தைந்தாவது கயிற்றில் இருந்தது. கணக்குக்குக் கோயில் தேவையே இல்லை. ஆனால் ஊரே பார்க்கப் போகிற தாளில் கோயிலும், அதற்குப் பக்கத்தில் எங்கள் வீடும் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதனால் கரை அச்சுக்கு ஒரு கட்டம் ஐந்து கயிறு. தண்ணீர் அச்சுக்கு மட்டும் ஒரு கட்டம் நான்கு கயிறு என்றே விட்டுவிட்டேன், ஏனென்றால் அப்போதுதான் கழி சரியாக நாலுக்கு நாலு என்ற கட்டத்தின் மூலையில் போய் உட்கார்ந்தது. பார்க்க அழகாக இருந்தது. கோயில் பெரிதாக, எங்கள் வீடு அதைவிடப் பெரிதாக, நடுவில் கழி.

பிறகு கட்டங்களை எண்ணினேன். ஓட்டத்தின் கோட்டுக்குச் சாய்வு ஐந்தில் நான்கு. அதைத் தலைகீழாக்கிக் குறியை மாற்றினால் மைனஸ் நான்கில் ஐந்து. பெருக்கினேன், மைனஸ் ஒன்று. கழியிலிருந்து நான்கு கட்டம் கரைப் பக்கம் வந்தால் ஐந்து கட்டம் மேலே ஏற வேண்டும். நாலும் ஐந்தும் ஒன்பது. கோடு கரையை வெட்டும் இடம், வெட்டுத்துண்டு, ஒன்பது கட்டம், அதாவது நாற்பத்தைந்து கயிறு. மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன், தாளில் அச்சு அசலாகச் செங்கோணம்.

வலைக் கொட்டகையில் எல்லோரும் கூடியிருக்க, நாற்பத்தைந்து என்று சொன்னேன். கரையில் நாற்பத்தைந்தாவது கயிற்றில் ஒரு பூவரச மரம் நின்றது. கைக்காரர்கள் காட்டிய ஐஸ் ஷெட் முப்பத்தாறில், வலைக்காரர்கள் காட்டிய பனை நாற்பதில். வலைக்காரர்கள் கேட்டதற்கும் மேலே ஐந்து கயிறு தாள் அள்ளிக் கொடுத்தது. எங்கள் ஆட்களுக்கே வாய் பிளந்தது. புதுச் சேறு முழுக்க எங்கள் பக்கம் வந்துவிட்டது.

கைக்காரர் பக்கத்தில், என் தோழிக்குப் பெரியம்மா முறை ஆகிறவள் எழுந்து, அவங்களே பனைமரம்தானே கேட்டாங்க, இது இன்னா நியாயம் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கணக்குக்கு நியாயம் அநியாயம் தெரியாது என்று நறுக்கென்று சொன்னேன். பத்தொன்பது வயதில் எவ்வளவு பெரிய பேச்சு. பெண்கள் கசமுசவென்று ஆரம்பித்தார்கள். அப்போதுதான் என் தோழி எழுந்தாள்.

"நான்தான் கூட நின்னு அளந்தேன். அளவு சரி. அவ போட்ட கோடுன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அவள் சொன்னதால் அவர்கள் உட்கார்ந்தார்கள். தாளுக்காக இல்லை, எனக்காகவும் இல்லை. அடுத்த வாரம் சீட்டு விழுந்தது. கோட்டின் மேல் நிற்கிற கடைசிப் பாடு என் நைனாவுக்கு வந்தது. சீட்டு யாரையும் பார்த்து விழுவதில்லை, அதில் சூது எதுவும் இல்லை. ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? மகள் கோடு போட்டாள், அப்பன் வலை கட்டினான் என்று வடக்குக் கோடியில் பேசிக்கொண்டார்கள். அதையும் என் தோழிதான் மறுத்துக்கொண்டிருந்தாள்.

சீட்டு விழுந்த இரண்டாம் நாள், காலேஜில் பேராசிரியரிடம் காட்டிப் பேர் வாங்க வேண்டும் என்று கணக்கை ஒரு நோட்டில் சுத்தமாக எழுத உட்கார்ந்தேன். கையில் வேறு வரைபடத்தாள் இல்லை, அதனால் கட்டங்களை விட்டுவிட்டுக் கயிறுகளிலேயே எழுதினேன். ஓட்டம், கரையில் நான்காவது கயிற்றில் தொடங்குகிறது. பதினாறு கயிறு உள்ளே போகும்போது இருபதுக்கு ஏறியிருக்கிறது. பதினாறுக்குப் பதினாறு, சாய்வு ஒன்று. அப்படியானால் செங்குத்துக்கு மைனஸ் ஒன்று. கழியிலிருந்து பதினாறு கயிறு கரைப் பக்கம் வந்தால் பதினாறு ஏற வேண்டும். இருபதும் பதினாறும் முப்பத்தாறு.

முப்பத்தாறு. ஐஸ் ஷெட்.

கூட்டலைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், அதில் ஒன்றும் இல்லை. பிறகுதான் உறைத்தது. ஒரு பக்கம் ஐந்து, ஒரு பக்கம் நான்கு என்று இழுத்த தாளில் புள்ளிகள் சரியாக இருக்கும், நேர்கோடு நேராகவே இருக்கும், சரியான புள்ளிகள் வழியே போகிற கோடு அச்சை வெட்டுகிற இடமும் சரியாக இருக்கும். செங்கோணம் மட்டும் இருக்காது. வலைக்கண்ணை ஒரு பக்கமாக இழுத்தால் சதுரம் சதுரமாக நிற்காது. வலைக்காரன் மகளுக்கு இது புத்தகத்தைத் திறக்காமலே தெரிந்திருக்க வேண்டும். 'படிச்சவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்' என்று சும்மாவா சொன்னார்கள். நான் இரண்டையும் ஒரே தாளில் கெடுத்திருந்தேன். கரையில் ஒன்பது கயிறு, கழியில் போய்க் கூராக முடிகிற முக்கோணம். ஊரில் இருந்த நல்ல சேறு முழுக்க அந்த முக்கோணத்துக்குள்தான் இருந்தது.

அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். அளவு மாறிப்போச்சு, திருத்திக்கலாம் என்று சொன்னால் முடிந்தது. வலைக்காரர்கள் முணுமுணுத்திருப்பார்கள், கைக்காரர்கள் சிரித்திருப்பார்கள், இரண்டு நாளில் எல்லாம் அடங்கியிருக்கும். ஆனால் அந்தத் தாளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு வலைக் கொட்டகையில் ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். போகிற வருகிறவர்கள் எல்லாம் என் நைனாவிடம், உன் பொண்ணு கலெக்டரா வரும்யா என்றார்கள். நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். பேராசிரியரிடம் எதையும் காட்டவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். கொஞ்ச நாளைக்கு மறைக்க முடிகிறது. அதுதான் கொடுமை.

ஒரு காலை நைனா தண்ணீரிலிருந்து வந்து, கால் கழுவிக்கொண்டே கேட்டார். "இன்னாம்மா, உன் கோட்டுல கட்டுனா வலை ஒரு பக்கமா தொங்குது. கரைப் பக்கத்துக் கழி சாயுது. தண்ணி மாறிச்சா, கோடு மாறிச்சா?"

அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். படித்த மகளிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தண்ணிதான் மாறியிருக்கும் நைனா" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் சாய்கிற கழிக்கு முட்டுக் கொடுக்க இன்னொரு மூங்கிலை எடுத்துக்கொண்டு போனார். நாற்பது வருஷமாக அந்தத் தண்ணீரைக் காலாலேயே அறிந்த மனுஷன். என் ஒரு வார்த்தைக்காகத் தன் காலை நம்பாமல் போனார். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது மடல் சூடாகிறது.

சாய்ந்த வலையிலும் இறால் விழத்தான் செய்தது, அந்தச் சேறு அப்படி. அம்மா மிளகாய் அரைத்துப்போட்டுக் குழம்பு வைத்தாள். நான் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் நன்றாகவே இறங்கியது.

கைக்காரர்களின் வரிசை பூவரசுக்கு வடக்கே தள்ளிப்போனது. அங்கே மணலும் கிளிஞ்சலும்தான், சேறு மேலாகத் தடவினாற்போல இருக்கும். விரல் கிழியும். விடிந்ததிலிருந்து உச்சிவரை தடவினாலும் பறியின் அடிதான் மறையும். காலேஜுக்குத் தோணியில் போகும்போது அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு நாள் தோணி பக்கமாகப் போனபோது அந்தப் பெரியம்மா பறியைக் கையில் எடுத்துவிட்டு என் தோழியைப் பார்த்துச் சொன்னது காதில் விழுந்தது. பெஞ்சுல பக்கத்துல உக்காந்தவளுக்காக எங்க சோத்துல மண்ணைப் போட்டுட்டியேடி, உனக்கு இன்னா குடுத்தாங்க என்று கேட்டாள். என் தோழி வாயில் பறி இருந்தது. அவள் தலையை நிமிர்த்தவில்லை. நான் புத்தகத்தைத் திறந்து படிக்கிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் முழுக்க இப்படியே போனது. அவள் எதிரே வந்தால் நான் பாதையை மாற்றினேன். கோயில் திருவிழாவில் ஒரு தடவை நேருக்கு நேர் வந்துவிட்டாள். காலேஜ் எப்படிப் போவுது என்று கேட்டாள். போகிறது என்றேன். ஏதோ கேட்க வந்தவள் மாதிரி ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனாள். எனக்கு எரிச்சலாக வந்தது. தப்பு செய்தவளுக்குத்தான் முதலில் கோபம் வரும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த மழையில் பெரிய வெள்ளம் வந்தது. இறக்கிவிட்டுப் போன சேற்றை ஏரி தானே அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஐஸ் ஷெட்டுக்கும் பூவரசுக்கும் நடுவில் வெறும் மணல். சண்டை போட அங்கே ஒன்றும் இல்லை. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இப்போது சொன்னால் யாருக்கும் நஷ்டம் இல்லை, எனக்கும் இல்லை. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்யக் கிளம்பினேன்.

அவள் வீட்டு வாசலில் பறிக்கு ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். கட்டம், அளவு, முப்பத்தாறு, நாற்பத்தைந்து எல்லாம் சொன்னேன். சொல்லும்போது அழுகையும் வந்தது. அவள் கட்டிப்பிடித்துப் பரவாயில்லடி என்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன், மறைப்பானேன். அவள் ஓலையைக் கீழே வைக்கவில்லை.

"எனுக்கு மொத வாரமே தெரியும்" என்றாள்.

நாங்க எப்பவும் ஓட்டத்துக்குக் குறுக்கதானே வரிசை போடுவோம் என்றாள். ஓட்டத்தை எதிர்த்துக் குறுக்கே உட்கார்ந்தால் கலங்கிய சேறு முதுகுப் பக்கமாகப் போகும், தண்ணீர் நெஞ்சில் சமமாக மோதும். என் கோட்டு ஓரமாக வரிசை போட்ட முதல் நாளே தண்ணீர் ஒரு தோளில் மட்டும் மோதியிருக்கிறது. அவளுக்குச் சந்தேகம் வந்து, எல்லோரும் போன பிறகு தனியாகக் கழிக்குப் போயிருக்கிறாள். கழியிலிருந்து ஓட்டத்தோடு ஒரு கயிறு கீழே ஒரு குச்சி, ஒரு கயிறு மேலே ஒரு குச்சி. இரண்டு குச்சியிலிருந்தும் சம நீளக் கயிற்றை இழுத்து முட்டவிட்டிருக்கிறாள். முட்டிய இடத்துக்கும் கழிக்கும் கோடு பிடித்துப் பார்த்தால் ஐஸ் ஷெட். பத்தாம் வகுப்பில் இருவரும் சேர்ந்து படித்ததுதான் அது. தாளும் வேண்டாம், சாய்வும் வேண்டாம்.

"ஏண்டி சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா இன்னா ஆவும்? காலேஜு படிச்சவளே தப்பா போட்டா, படிப்பு எதுக்குன்னுவாங்க. என் தங்கச்சி ஒம்பதாவது படிக்குது. மறுநாளே எங்கம்மா அது வாயில பறியைக் குடுத்திருக்கும்." ஓலையை ஒரு தடவை இழுத்துக் கிழித்தாள். "அதுவும் இல்லாம, நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். திருவிழாவுலகூட சொல்லுவேன்னு நின்னேன்."

தங்கையின் படிப்புக்காக ஊர் வசவை வாங்கிக்கொண்டு, ஒரு வருஷம் மணலைத் தடவியிருக்கிறாள். நான் ஒரு பிளாஸ்டிக் உறைக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். இப்பவாவது எல்லார்கிட்டயும் சொல்லிடறேன் என்று மட்டும் சொன்னேன்.

சொன்னேன். அடுத்த சீட்டு நாளில் வலைக் கொட்டகையில் எழுந்து நின்று, போன வருஷம் நான் போட்ட கோடு தப்பு, ஒன்பது கயிறு அதிகம், அது கைக்காரங்க சேறு என்றேன். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சேறே போயிடுச்சு, இனிமே இன்னா கணக்கு என்று தலைவர் சிரித்தார். யாரோ, பொண்ணுக்கு எவ்வளவு நல்ல மனசு பாரு என்று வேறு சொன்னார். என் நைனா மட்டும் சிரிக்கவில்லை. முட்டுக் கொடுத்த மூங்கில் ஞாபகம் வந்திருக்கும். தாளை ஆணியிலிருந்து கழற்றி மடித்து எடுத்துக்கொண்டேன். பெரிய காரியம் செய்த மாதிரி லேசாக வீட்டுக்கு நடந்தேன்.

மூன்று நாள் கழித்து அவள் துறையில் என்னைப் பார்த்தாள். "சீட்டு நாள்ல சொன்னியாமே" என்றாள். ஆமாம் என்றேன். "அங்க எங்க ஆளுங்க யாரு இருந்தாங்க?" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நஷ்டப்பட்டவர்கள் ஒருத்தர்கூட இல்லாத இடத்தில் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். லாபம் பார்த்தவர்களிடம் சொல்லி நல்ல பெயரும் வாங்கியிருக்கிறேன். அவளுடைய பெரியம்மாவுக்கு இன்னும் அவள்தான் சோற்றில் மண்ணைப் போட்டவள்.

மறுநாள் காலை பூவரசுக்கு வடக்கே தண்ணீரில் இறங்கினேன். காலேஜ் சுடிதாரோடு இடுப்பளவுக்குப் போனேன். பதினைந்து இருபது பெண்கள் ஓட்டத்துக்குக் குறுக்கே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் வாயிலும் பறி, எல்லோர் கையும் சேற்றுக்குள். நான் அவர்களுக்கு முன்னால் போய் நின்றேன். கோடு தப்பு என்றேன். ஐஸ் ஷெட்தான் சரி, நீங்க காட்டினதுதான் சரி என்றேன். இரண்டாம் நாளே எனக்குத் தெரியும், தெரிந்தும் சொல்லவில்லை என்றேன். இவள் எனக்காகப் பேசினாள், இவள் மேல் தப்பில்லை என்றேன். சொன்னதில் பாதி தண்ணீர்ச் சத்தத்தில் போனது.

யாரும் பறியை எடுக்கவில்லை. கைகள் நிற்கவில்லை. திட்டுவார்கள் என்று வந்தேன், திட்டினால் தேவலை என்று இருந்தது. வாயில் பறி இருப்பதால் பேசவில்லையா, பேச ஒன்றும் இல்லாததால் பேசவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் போகலாமா என்று நினைத்தபோது, வரிசையின் நடுவிலிருந்து என் தோழி சேற்றுக் கையால் வாயிலிருந்த பறியை எடுத்தாள்.

"சத்தமா சொல்லு" என்றாள். "கடைசீல எங்க பெரியம்மா இருக்குது. அதுக்குக் கேக்கல."

வரிசையின் கடைசிக்கு நடந்து போய், முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.